மறைக்காட்டில் சாத்தியிருந்த கதவு

சப்தவிடங்கத் தலங்கள் ஏழையும் இரண்டு நாட்களில் தரிசித்துவிட வேண்டும் என்பது அவருடைய திட்டம். முதல் நாள் திருவாரூர், திருநள்ளாறு, நாகப்பட்டினம், திருக்காறாயில். மறுநாள் காலையில் திருக்கோளிலி எனும் திருக்குவளை, திருவாய்மூர். முற்பகல் முடிவதற்குள் திருமறைக்காடு. இரவு ரயிலில் சென்னை. சென்னை மேற்கு மாம்பலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் மூன்றாம் மாடியில் வசிக்கும் அந்தப் பெரியவர், ஒரு தாளில் நேரத்தைக் கட்டம் போட்டு எழுதி, சட்டைப்பையில் வைத்திருந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் அலுவலகத்தில் கோப்புகளைக் கெடுவுக்குள் முடித்துப் பழகிய கை அது.

திருக்குவளையில் அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. அது முடியட்டும் என்று அம்மையார் நின்றுவிட்டார். திருவாய்மூரிலும் சற்று நேரம் கூடிவிட்டது. வாடகைக் கார் வேதாரண்யத்துக்குள் நுழைந்து, கோபுரவாசலில் இருவரும் இறங்கியபோது நடை சாத்தப்பட்டிருந்தது.

"சாயங்காலம் நாலு மணிக்கு மேலதான் ஐயா திறப்பாங்க" என்றார் ஓட்டுநர். தவறு தம்முடையது என்பதுபோல் ஒரு தயக்கம் அந்தக் குரலில்.

பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் 'மதியம் நடை சாத்துதல்' என்றொரு கட்டம் இல்லை.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தெற்கே, நாகப்பட்டினம் மாவட்டத்தின் கோடியில், நிலம் முடிந்து கடல் இருபுறமும் வளைந்துகொள்ளும் மூலையில் இருக்கிறது வேதாரண்யம். வேதங்கள் வனமாக நின்று ஈசனைப் பூசித்த இடம் என்பதால் வடமொழியில் வேதாரண்யம். தேவாரம் இதைத் திருமறைக்காடு என்றே போற்றுகிறது. இவ்வூர் வழியாக வேறு ஊருக்குப் போகிறவர்கள் குறைவு. இங்கே வருகிறவர் இவ்வூருக்கென்றே வர வேண்டும். அதனால்தானோ என்னவோ, ஓடும் வாகனங்களை நிறுத்திக் கூவி அழைக்கும் வழக்கம் ஊருக்கு வரவில்லை. நண்பகலில் கடைகள் பாதிக்கதவைச் சாத்திக்கொள்கின்றன. மாடவீதியில் ஒரு பசு நடுத்தெருவில் படுத்திருந்தால் மிதிவண்டிக்காரர் மணியடிப்பதில்லை, வளைந்து போகிறார். கடற்காற்று வெயிலைத் தணிக்காவிட்டாலும் தாங்கச் செய்கிறது.

மாநகரவாசிக்கு முதல் ஒரு மணி நேரம் இது பொறுக்காது. பெரியவருக்கும் பொறுக்கவில்லை. கோயில் வாசலுக்கு எதிரே ஒரு வீட்டுத் திண்ணையில் இடம் கேட்டு அமர்ந்தவர், நாகப்பட்டினம் போய்ச்சேர எவ்வளவு நேரம், ரயில் எத்தனை மணிக்கு, தரிசனத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று விரல்விட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மையார் கோபுரத்தைப் பார்த்தபடி முழங்காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு இந்த ஊர் ஐம்பது ஆண்டுக் கனவு. அவருடைய தாயார் மாலையில் குத்துவிளக்கு ஏற்றும்போதெல்லாம், திருவாரூர்த் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு என்று சொல்லித் திரியைத் தூண்டுவாராம். அந்த விளக்கழகை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கணவரிடம் கேட்கத் தொடங்கியது பிள்ளை பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில். 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்பதே எப்போதும் பதில். ஓய்வு பெற்ற பின்னும் அடுத்த வருடம் வந்துகொண்டேதான் இருந்தது. இப்போது வந்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. அது பெரியவரின் தோள்பையில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

வெளிநாட்டில் இருக்கும் மகன், கோவைப் பக்கத்தில் முதியோருக்கென்று கட்டப்பட்டுள்ள குடியிருப்பொன்றில் இடம் பார்த்திருந்தார். சாப்பாடு, மருத்துவர், காவல் எல்லாம் உண்டு. மாம்பலம் வீட்டை விற்றுவிட்டு இருவரும் அங்கே போய்விட வேண்டும் என்பது அவர் விருப்பம். பெரியவர் கையெழுத்திட்டுவிட்டார். அம்மையாரின் கையெழுத்துக்குரிய இடம் மூன்று வாரங்களாகக் காலியாக இருந்தது. வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. 'ஏதாவது ஒன்று சொல்லிவிடு' என்று கேட்டுக் கேட்டு அலுத்த பெரியவர், 'உன் வேதாரண்யத்தையும் பார்த்துவிடுவோம்' என்று புறப்பட்டு வந்திருந்தார்.

திண்ணையில் அமர்ந்திருந்தபோது மகன் அழைத்தார். காரில் உடன் வேறு யாரும் வரவில்லை என்று அறிந்ததும், "இந்த வயசுல ஏன்ப்பா தனியா இவ்வளவு தூரம்?" என்று வருந்தினார். "தனியா இல்லடா, ரெண்டு பேர் இருக்கோமே" என்று பெரியவர் சமாதானம் சொன்னார்.

வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்த பெண்மணி, அம்மையார் கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கூடையில் முல்லை. இவ்வட்டாரத்தின் மணல் கலந்த மண் முல்லைக்கும் மாவுக்கும் பேர்போனது. 2018 நவம்பர் 16 அன்று நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்த கதையை அந்தப் பெண்மணி சொன்னார். "எங்க மாமனார் வெச்ச மாமரம்மா. ஒரே ராத்திரியில எல்லாம் சாஞ்சிடுச்சு. மறுபடி கன்னு வெச்சோம். இப்பத்தான் நாலு காய் கண்ணுல படுது." பூவை அளந்து கொடுத்துவிட்டு, காசைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று நிழலுக்கு நகர்ந்துவிட்டார். விற்கிறவர் காசை மறந்து போவதைப் பெரியவர் வெகுநாள் கழித்துப் பார்த்தார்.

மூடிய கதவுக்கு முன் காத்திருப்பது இத்தலத்துக்குப் புதிதன்று. வேதங்கள் ஈசனைப் பூசித்துவிட்டு நேர்வாசலைத் திருக்காப்பிட்டுச் சென்றன. அந்நாள் முதல் யாராலும் அதைத் திறக்க முடியவில்லை. ஊரார் பக்கத்தில் ஒரு வாசல் அமைத்து அதன் வழியே சென்று வழிபட்டுவந்தனர். திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் அடியார் கூட்டத்தோடு இங்கே எழுந்தருளியபோது, நேர்வாசல் வழியாகவே சென்று தரிசிக்க வேண்டும் என்று சம்பந்தர் விரும்பினார். 'அப்பரே, திருக்கதவம் திறக்கும்படி நீங்கள் பாடியருள வேண்டும்' என்றார்.

அப்பர் பாடத் தொடங்கினார். பதிகம் அம்மையின் மொழியினிமையைப் போற்றித் தொடங்குகிறது. ஒரு பாடல் முடிந்தது, கதவு அசையவில்லை. இரண்டு, மூன்று என்று பத்துப் பாடல்கள் ஆயின. பதினோராம் பாட்டில், இராவணனை விரலால் நெரித்த பெருமானே, உமக்குச் சிறிதும் இரக்கம் இல்லையே என்று மனம் நொந்து கேட்டுவிடுகிறார். அப்போதுதான் கதவு திறந்தது. உள்ளே சென்று தரிசித்துத் திரும்பிய பின், இனி நாள்தோறும் இது திறந்து மூடும் கதவாக இருக்க வேண்டும் என்று அடைக்கப் பாடும்படி சம்பந்தரிடம் அப்பர் வேண்டினார். சம்பந்தரின் முதற்பாட்டிலேயே கதவு அடைத்துக்கொண்டது.

இவ்வளவும் நம் குழந்தைகளும் அறிந்த கதை. பலரும் இதற்குமேல் சொல்வதில்லை. அப்பருக்கு அன்றிரவு உறக்கம் கொள்ளவில்லை. சம்பந்தருக்கு ஒரு பாட்டில் கிடைத்த விடை தமக்குப் பதினோரு பாட்டு வரை கிடைக்காமற்போனதே என்ற கலக்கத்தோடு மடத்தில் கிடந்தார். எண்பது வயது வரை வாழ்ந்தவர் என்று சொல்லப்படும் அப்பெரியவருக்கும் அந்த ஏக்கம் இருந்தது. அப்போது இறைவன் அவர்முன் தோன்றி, 'நாம் வாய்மூரில் இருக்கிறோம், அங்கே வா' என்று அழைத்துச் சென்றார். சம்பந்தரும் பின்தொடர, திருவாய்மூரில் ஈசன் திருக்காட்சி தந்தருளினார்.

தாமதத்துக்குப் பெரியோர் சொல்லும் காரணம், அப்பரின் தமிழை இன்னும் கேட்க வேண்டும் என்று இறைவன் விரும்பினார் என்பதே. முதற்பாட்டிலேயே திறந்திருந்தால் மற்றப் பத்துப் பாடல்கள் நமக்குக் கிடைத்திரா.

அம்மையார் இதைத் திண்ணையில் அமர்ந்து மெல்லச் சொல்லிக்கொண்டு வந்தார். காலையில்தான் வாய்மூரில் நின்றுவிட்டு வந்திருந்ததால், அப்பர் போன வழியையே எதிர்த்திசையில் வந்திருக்கிறோம் என்பது பெரியவருக்கு அப்போதுதான் புலப்பட்டது. கணக்குப் பார்ப்பதை நிறுத்தினார். ஓட்டுநரைச் சாப்பிட்டுவிட்டு ஓய்வெடுக்கச் சொன்னார்.

மாலையில் நடை திறந்தது. உள்ளே கூட்டம் இல்லை. மாநகரக் கோயில்களில் தள்ளுவரிசையில் நின்று, 'நகருங்கள்' என்ற குரலுக்கு நடுவே கண்ணிமைப்பில் தரிசித்துப் பழகியவருக்கு, சந்நிதியில் எவ்வளவு நேரமும் நிற்கலாம் என்பதே ஒரு பேறு. மறைக்காட்டு நாதர் சிவலிங்கத் திருமேனியராக வீற்றிருக்க, அவருக்குப் பின்னே மணக்கோலத்தில் அம்மையும் அப்பனும் காட்சி தருகின்றனர். இமயத்தில் நிகழ்ந்த திருமணத்தைக் காண முடியாமல் தென்திசைக்கு அனுப்பப்பட்ட அகத்தியருக்கு, இங்கே அந்தக் கோலத்தை இறைவன் காட்டியருளியதாகத் தலவரலாறு. விழாவுக்குப் போக முடியாமல் தூரத்தில் இருந்துவிட்டவருக்காக விழாவே வந்து சேர்ந்த தலம் இது. பேரப்பிள்ளையின் ஆண்டு நிறைவைக் கைப்பேசித் திரையில் பார்த்த தாத்தா பாட்டிகள் இச்சந்நிதியில் கூடுதலாகச் சற்று நேரம் நிற்பார்கள்.

தியாகராஜர் இங்கே புவனி விடங்கர். முசுகுந்தச் சக்கரவர்த்தி இந்திரனிடமிருந்து பெற்றுவந்த ஏழு விடங்கர்களுள் ஒருவர். இவருடைய நடனம் அம்சபாத நடனம், அன்னத்தின் நடையை ஒத்தது. அவசரமில்லாத நடை. அம்பாளின் திருநாமம் யாழைப்பழித்த மொழியம்மை. அவள் குரலுக்கு முன் தன் வீணை எம்மாத்திரம் என்று கலைமகள் நாணினாளாம். அதனால் இக்கோயிலில் சரசுவதி கையில் வீணை இல்லை. அம்மையார் அவ்விடத்தில் நின்று வீணையின்றி அமர்ந்திருக்கும் கலைவாணியை நெடுநேரம் பார்த்தார். இளம்பருவத்தில் அவர் தேவார இசை பயின்றவர். பாடுவதை நிறுத்திப் பல்லாண்டுகள் ஆயின. நிறுத்தியதை யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அந்தி மயங்கி விளக்குகள் ஏற்றப்பட்டன. அணையும் நிலையிலிருந்த இக்கோயில் விளக்கின் நெய்யைக் குடிக்க வந்த எலியொன்று, அறியாமல் திரியைத் தூண்டிவிட, சுடர் நிமிர்ந்து எரிந்தது. அப்புண்ணியத்தால் அவ்வெலி மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது. இந்நிகழ்ச்சியை அப்பர் திருக்குறுக்கைப் பதிகத்தில் எடுத்துப் பாடியிருக்கிறார். பசிக்கு வந்த எலிக்கும் பலன் கொடுத்த விளக்கு! அம்மையார் ஐம்பது ஆண்டுகளாகக் காண விரும்பியது ஆயிரம் விளக்கு வரிசையை அன்று. தாயார் தூண்டிய ஒற்றைச் சுடரின் மூலத்தை. வரிசையாக எரியும் தீபங்களுக்கு முன் நின்றவர் வாய்விட்டு, மிக மெல்லிய குரலில், அப்பரின் கதவம் திறக்கும் பதிகத்தைப் பாடத் தொடங்கினார். மூன்றாம் பாட்டில் சொல் மறந்தது. அருகில் நின்ற ஓதுவார் எடுத்துக்கொடுத்தார். பதினோரு பாட்டும் முடியும் வரை பெரியவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது, ஒருமுறை பார்த்தார். பார்த்துவிட்டு, வெளியே போய் ரயில் பயணத்தை ரத்து செய்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை, கோயிலுக்குக் கிழக்கே சந்நிதிக் கடலுக்குச் சென்றார்கள். ஆடி, தை அமாவாசைகளில் முன்னோர் கடன் செய்வோர் திரளும் துறை. அன்று நாலைந்து பேர்தான் இருந்தனர். அலை ஓங்கி அடிக்காத கடல். மெரினாவைப் பார்த்துப் பழகியவருக்கு இது கடலா, குளமா என்று தோன்றும். முழங்கால் வலியுள்ளவர்கள் துணையோடு இறங்க இதுவே வசதி. அடியில் சேறு இருப்பதால் நிதானம் வேண்டும்.

அங்கிருந்து தெற்கே கோடியக்கரைச் சாலை. ஊரை அடுத்ததும் அகத்தியான்பள்ளி. இதுவும் சம்பந்தர் பாடிய தலம். இருபுறமும் உப்பளங்கள். மழைக்காலம் ஓய்ந்த தை மாதத்தில் பாத்திகளைச் சீர்செய்யும் வேலை நடக்கிறது. கடந்த ஆண்டின் உப்பு, கீற்று வேய்ந்த அம்பாரங்களாகக் குவிந்திருக்கிறது. உப்பு விளைச்சலில் தமிழகத்தில் தூத்துக்குடிக்கு அடுத்துப் பேசப்படும் ஊர் இது. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து புறப்பட்ட இராஜாஜி, ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் வந்து சேர்ந்து, 30 அன்று இங்கே உப்பெடுத்துக் கைதானார். அந்த நடைக்கு வழிநடைப் பாட்டு எழுதியவர் நாமக்கல் கவிஞர். வேதாரண்யத்தில் தாங்கி நின்றவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. பெரியவரின் தகப்பனார் அந்தப் பாட்டைத் தாளம் போட்டுப் பாடுவாராம். நினைவுத்தூண் முன் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் கோடியக்கரை. 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு. வெளிமான்கள் கூட்டமாக மேய்கின்றன; குளிர்காலத்தில் பூநாரைகள் உப்புநீர்ப் பரப்பில் இறங்குகின்றன. இராமபிரான் நின்று இலங்கைத் திசையை நோக்கியதாகச் சொல்லப்படும் இராமர் பாதம் காட்டினுள் ஒரு மேட்டில் இருக்கிறது. அம்மையார் மணமாவதற்கு முன் பைண்டு செய்த தொகுதிகளில் 'பொன்னியின் செல்வன்' படித்தவர். பூங்குழலி படகு செலுத்திய கடல் எது என்று ஓட்டுநரிடம் கேட்க, அவர் சிரித்துக்கொண்டே, "வர்றவங்க எல்லாரும் இதைத்தான்மா கேக்கறாங்க" என்று கையை நீட்டிக் காட்டினார். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தை 2004 ஆழிப்பேரலை சிதைத்துவிட்டது.

குழகர் கோயில் சிறியது. இறைவன் கோடிக்குழகர், அமிர்தகடேசுவரர், அம்மை மைத்தடங்கண்ணி. சேரமான் பெருமாளோடு திருமறைக்காட்டைத் தரிசித்துவிட்டு இங்கே வந்த சுந்தரர், கோயிலைச் சுற்றிக் குடிகள் இல்லாததைக் கண்டு உருகிப்போனார். கடற்காற்று கடுமையாக வீசுகிறதே, பொந்துகளில் கூகைகள் குழறுகின்றனவே, துணை யாரும் இல்லாமல் நீர் ஏன் இங்கே தனியாக இருக்கிறீர் என்று இறைவனையே கேட்கிறார் அவர். தம்பிரான் தோழர் அல்லவா! பொன்னும் பொருளும் கேட்டுப் பாடியவர், இவ்வூரில் தமக்கென்று ஒன்றும் கேட்காமல், தோழனின் தனிமைக்காகக் கவலைப்பட்டார். இறைவன் மறுமொழி சொன்னதாகப் பதிகத்தில் இல்லை. அங்கிருந்து அவர் வேறிடம் போய்விடவும் இல்லை.

அர்ச்சகர் தீபாராதனை முடித்துத் திருநீறு தந்தபோது, "தினமும் விளக்கு ஏத்துவீங்களா?" என்று அம்மையார் கேட்டார். "யாரும் வராத நாளும் உண்டும்மா. அதுக்காக ஏத்தாம இருக்க முடியுமா?" என்றார் அவர்.

பிராகாரத்தில் சற்று அமர்ந்தனர். காற்று மட்டும் ஓயாமல் இருந்தது. பெரியவர் தோள்பையைத் திறந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுக்கையில் அந்தப் பிளாஸ்டிக் உறையும் கூடவே வந்தது. உள்ளே வைக்கப் போனவர் கையிலிருந்து அம்மையார் அதை வாங்கிக்கொண்டார்.

"அப்பருக்கே கதவு திறக்கப் பதினோரு பாட்டு வேண்டியிருந்தது. எனக்கு மாசி மகம் வரைக்கும் நேரம் குடுங்க. அதுக்கப்புறம் போகலாம்னாலும் இருக்கலாம்னாலும் நானே சொல்றேன்."

"சரி" என்றார் பெரியவர். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மாசிமகப் பெருவிழாவில்தான் திருக்கதவம் திறக்கவும் அடைக்கவும் பாடிய ஐதீகம் ஆண்டுதோறும் இக்கோயிலில் நடத்திக் காட்டப்படுகிறது. திரும்பும் வழியில் முந்தைய இரவு தங்கிய விடுதியில் காரை நிறுத்தச் சொல்லி, அந்நாட்களுக்கு இருவருக்குமாக ஓர் அறையைச் சொல்லிவைத்தார் பெரியவர். எத்தனை நாளுக்கு என்று கேட்டார் விடுதிக்காரர். பெரியவர் சட்டைப்பையைத் தடவினார், தாளைக் காணவில்லை. அம்மையார் பூக்காரப் பெண்மணியைத் தேடி, முந்தைய நாள் முல்லைக்குக் காசு கொடுக்கக் கோயில் வாசலுக்குப் போயிருந்தார்.